பதினோரு நொடி

காலை ஐந்து ஐம்பதுக்கு அலை அறிக்கை.
அதற்கு முன்னால் பதினோரு நொடி கீபோர்டு.
நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரைக்கும்
அந்த இசை விழுந்ததும்
வல்லத்தைத் தள்ளும் கை நிற்கும்,
பீடி பற்றவைக்கும் கை நிற்கும்.
எத்தனை மீட்டர் என்பதெல்லாம் பிறகுதான்.

குளச்சலில் எங்கள் பண்பலையின் மாடி அறையில்
லாக் ஷீட் எழுதுகிறவன் நான்.
பாட்டு, படம், இசை, வரிகள்,
கம்பெனி, ஓடிய நொடி.
மாதக் கடைசியில் மணிக்கணக்காய்க் கூட்டி
உரிமைச் சங்கத்துக்கு அனுப்பவேண்டும்.
ஊசி நேரம் என்பார்கள் அதை,
தட்டில் ஊசி உரசிய காலத்துப் பேச்சு.
எங்களிடம் ஊசியுமில்லை தட்டுமில்லை,
பில் மட்டும் வருகிறது.

சினிமாப் பாட்டுக்குத் தயங்கமாட்டேன்.
ஆளுக்கொரு கம்பெனி, கம்பெனிக்கொரு வக்கீல்.
இந்தப் பதினோரு நொடிக்கு யார் என்று கேட்டேன்,
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்.
'மரபுன்னு போடும்' என்றார் மேனேஜர் கிளாட்ஸ்டன்.
மரபுக்குப் பணம் கட்ட வேண்டாம்.
போட்டேன்.
நாள் தவறாமல் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மரபு
கருங்கல் பஸ்ஸில் வந்து இறங்கி
மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியது.
பெயர் லிற்றில் பிளவர்.
அண்டியாபீஸில் தோடு தல்லுகிற வேலை,
விரல்நுனியெல்லாம் கொட்டைப்பாலின் கறுப்பு.
பைக்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்தாள்.
திங்கள்சந்தையில் ஒரு ஸ்டூடியோ,
மறைக்கல்வி வினாடிவினாவுக்குப் பின்னணி,
இரவல் கேசியோ.
அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

'இது எனக்கதாக்கும்.'

பழைய தாள்களை இறக்கினேன்.
இரண்டுபேருமாய்த் தும்மித் தும்மி எண்ணினோம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு காலைகள்.
பதினொன்றால் பெருக்கினால்
ஐந்து மணி ஐம்பது நிமிடம், இருபத்தொரு நொடி.
எங்கள் ஒப்பந்தத்தில் மணிக்கு அறுபது ரூபாய்:
முந்நூற்று ஐம்பது ரூபாய், முப்பத்தைந்து பைசா.
அதுவும் சங்கத்தில் சேர்ந்தவருக்குத்தான்.
சேர ஐநூறு.

அவள் சிரித்தாள் என்று எழுத ஆசைதான்.
சிரிக்கவில்லை.
'இண்ணைக்கு எனக்க கூலியும் போச்சு' என்றாள்.

மேனேஜர் வந்தார், கேட்டார், வியர்த்தார்.
மறுநாள் காலை
எங்கிருந்தோ இலவசமாய்க் கிடைத்த ஒரு புல்லாங்குழல்.
ஐந்து ஐம்பத்தைந்துக்கு கொடிமுனையிலிருந்து போன்:
'இண்ணைக்கு அலை சொல்லல்லியா?'
சொன்னோமே என்றேன்.
'பாட்டு வரல்லியே?'
பிறகு வாணியக்குடி. பிறகு இனயம்.
மண்டைக்காடு புதூரில் மூன்று வல்லம்
இரண்டரை மீட்டர் அலைக்குள் போய்
நனைந்து திரும்பியிருந்தன.

சனிக்கிழமை அவளை வரச்சொல்லி
ஒரு தாளை நீட்டினார் மேனேஜர்.
ஐயாயிரம். மொத்தமாய். இனி எப்போதைக்கும்.
கடைசி வரி வரைக்கும் வாசித்தாள்,
பருப்பில் சொத்தை தேடுகிற கண்ணால்.
'எப்போதைக்கும்' என்ற இடத்தில் கறுத்த விரல் நின்றது.
'இது வேண்டாம். வருஷா வருஷம் வாறேன்.'
கொஞ்சம் கழித்து,
'ஏழாவது நொடியில ஒரு கட்டை தப்பியிருக்கு.
ஒருக்கா திரும்ப வாசிக்கணும்.'

'அத மாத்தப்படாது' என்றேன், யோசிக்காமல்.
கரை முழுக்க அந்தத் தப்பில்தான்
ரேடியோ பக்கம் தலையைத் திருப்புகிறது.

'தப்பும் எனக்கதுதானே?' என்றாள்.

இன்று காலை
இசை என்ற கட்டத்தில்
ஏ. லிற்றில் பிளவர், கருங்கல் என்று எழுதினேன்.
றகரத்தை அழுத்தி.
நொடி: பன்னிரண்டு.
திருத்தியதில் ஒன்று கூடிவிட்டது,
அதற்கும் சேர்த்துத்தான் பில்.
அலை ஒன்று புள்ளி எட்டு.

ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கொடிமுனை:
'எல்லாம் சரி.
பாட்டுல என்னவோ ஒண்ணு கொறையுதே?'